பல்கீஸுக்குக் கொடுத்த வெள்ளைத்தாள்

நாற்பத்தொரு வயதில் புஸ்பராணி மிஸ்ஸிக்குப் பரீட்சைப் பயம் பிடித்துக்கொண்டது. இருபது வருடம் தாதியாக வேலை செய்தவள். ஊசி போட்டு, புண் கட்டி, செத்தவர்களின் கண்ணை மூடி, எல்லாம் பார்த்தவள். ஆனால் கொழும்பில் ஒரு வருடம் மேற்படிப்புக்குப் போய்விட்டு 1979 தை மாதம் திருகோணமலைக்குத் திரும்பி வந்தபோது, கையில் ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடுங்கினாள். ஆனி மாதக் கடைசிக்குள் அதை எழுதிக் கொடுத்தால்தான் படிப்பு முடியும்.

அவள் எடுத்த விஷயம் லேசான விஷயம் இல்லை. கசநோய்க்காரர் ஒன்றரை வருடம் மருந்து எடுக்கவேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்ததும் பாதிப்பேர் கிளினிக்குக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். ஏன்? இதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்குக் கொழும்பில் படித்த ஒரு பாடத்தை வைத்துப் பதில் தேடலாம் என்று அவள் நினைத்தாள். மனிதன் பிறந்த நாளிலிருந்து சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறான், ஒவ்வொரு பருவத்திலும் அவனுக்கு மனதளவில் ஒரு வேலை இருக்கிறது என்பது அந்தப் பாடம். கைக்குழந்தைக்கு நம்பப் பழகுவது வேலை. இளந்தாரிக்குத் தான் ஆர் என்று கண்டுபிடிப்பது. அதற்குப் பிறகு துணை, பிள்ளை குட்டி. கடைசியில் வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து மனம் ஆறுவது. அப்படியென்றால் நோயாளி மருந்தை விடுவதற்கும் அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ற காரணம் இருக்கத்தானே வேண்டும்?

கேள்விகளை மூன்று நிறத் தாளில் அடித்து வைத்தாள். இருபத்தைந்துக்கு உட்பட்டவர்களுக்கு மஞ்சள். நாற்பத்தைந்து வரைக்கும் நீலம். அதற்கு மேல் வெள்ளை. நோயாளியின் அடையாள அட்டையை வாங்கி வயதைப் பார்த்து, எந்தத் தாள் என்று எடுத்துக்கொடுப்பது யோகலிங்கத்தின் வேலை. அவன் கிளினிக்கில் அற்றென்டன். பதினைந்து வருட சேவிஸ். வாய் மட்டும் ஓயாது.

"மிஸ்ஸி, எனக்கு நாப்பத்தைஞ்சு. நான் இன்னும் நீலம். வாற வருசம் வெள்ளை ஆகிடுவன். வெள்ளை ஆனால் பென்சன் வருமோ?"

"வாயை மூடிக்கொண்டு அட்டையைப் பாருங்கோ, யோகலிங்கம்."

மாசி நடுப்பகுதியில் வந்தவள்தான் பல்கீஸ். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வந்திருந்தாள். மெலிந்த உடம்பு. தலையில் இழுத்துப் போட்ட முக்காடு. முன்பல் ஒன்று இல்லை. சளியில் கிருமி நிறைய இருந்தது. அட்டையில் 1930ஆம் ஆண்டு என்று இருந்தது. நாற்பத்தொன்பது வயது. யோகலிங்கம் வெள்ளைத்தாளை எடுத்து வைத்தான்.

வெள்ளைத்தாளில் உள்ள கேள்விகள் அமைதியான கேள்விகள். பிள்ளைகள் உங்களைப் பார்க்கிறார்களா? செய்ய நினைத்ததைச் செய்து முடித்தீர்களா? இனி என்ன ஆசை இருக்கிறது? புஸ்பராணி ஒவ்வொன்றையும் மரியாதையாக, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சொல்லுங்கோ உம்மா" என்று சொல்லிச் சொல்லிக் கேட்டாள். பல்கீஸ் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஆசையா? என்ட மகளுக்கு நல்லபடியா புள்ள கிடைக்கோணும். வேற என்ன ஆசை மிஸ்ஸி, அல்லாட காவல்."

நீலத்தாளில் பெண்களுக்கு முதலாவது கேள்வி, மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்பது. மஞ்சளிலும் கல்யாணம் முடித்த பெண்களுக்கு அது உண்டு. வெள்ளைத்தாளில் இல்லை. ஐம்பதுக்குக் கிட்ட வந்த பெண்ணிடம் அதைக் கேட்டால் மனம் நோகும் என்று புஸ்பராணிதான் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டவள். மற்றக் கிளினிக்குகளில் எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வி. தாளை நிறம் நிறமாகப் பிரித்தபோது தானே யோசித்துத் தானே வெட்டியது.

அன்றைக்கே ஸ்ரெப்ரோமைசின் ஊசியும் விழுங்கும் குளிசையும் தொடங்கியது. ஊசியைப் போட்டதும் புஸ்பராணிதான். ஆறு கிழமை பல்கீஸ் தவறாமல் வந்தாள். பங்குனிக் கடைசியில் ஒரு கிழமை வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. தபாலட்டை போட்டார்கள். பதில் இல்லை.

"உங்கட கணக்கில விட்டவ எத்தினை பேர் மிஸ்ஸி?" என்று கேட்டான் யோகலிங்கம்.

"பத்து."

"அப்ப இவவோட பதினொண்டு. நல்லதுதானே. எல்லாரும் ஒழுங்கா வந்து மருந்து குடிச்சால் நீங்கள் எதைப் பற்றி எழுதுறது?"

புஸ்பராணி அவனை முறைத்தாள். ஆனால் அவன் சொன்னதில் ஒரு முள் இருந்தது. ஆள் வரவில்லை என்றதும் முதல் எழுந்த எண்ணம், விட்ட காரணத்தை எழுதும் பக்கத்துக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்பதுதான். அந்த எண்ணம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தை உதறிவிட்டு, சித்திரை பதினெட்டாம் திகதி லீவு போட்டுக்கொண்டு ஓர்ஸ் ஹில் குவாட்டர்ஸிலிருந்து புறப்பட்டாள். பையில் வெள்ளைத்தாள் இருந்தது.

சீனன்குடாப் பக்கமாக பஸ்ஸில் போய்த் துறையில் இறங்கி, பாதை என்று சொல்லும் அந்தப் பெரிய மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்குக் கடந்தாள். விசாரித்து விசாரித்துப் போக, கடற்கரைக்குக் கிட்ட ஒரு கல்வீடு. வாசலில் ஒரு கர்ப்பிணிப் பெண் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு இருக்கும்.

"நான் ரபீக்கா. உம்மாவ தேடியா வந்தீங்க? பின்னால இரிக்கா. நீங்க செல்லுங்க மிஸ்ஸி, நாங்க செல்லி அவ கேக்கிறா இல்ல. மருந்துக்குப் போங்க போங்க எண்டு என்ட மாப்பிள்ளையும் செல்லிப் பாத்தாச்சு."

அந்தப் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் ஒதுங்கிக்கொள்வார்கள். மருமகன் வந்து அந்த வீட்டில் இருப்பான். பல்கீஸும் அப்படித்தான், போன வருடம் ரபீக்காவுக்குக் கல்வீட்டைக் கொடுத்துவிட்டுப் புருசன் முனாப்போடு பின்னாலுள்ள ஓலைப் பத்திக்குள் இறங்கியிருந்தாள். முனாப் ஈச்சிலம்பற்றுப் பக்கம் வாடி போட்டுத் தங்கி மீன்பிடிக்கப் போனவன், மாதம் ஒருமுறைதான் வருவான்.

பல்கீஸ் பாயில் இருந்து வலை பின்னிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸியைக் கண்டதும் திடுக்கிட்டு முந்தானையை இழுத்து மடியை மூடிக்கொண்டாள். இருமினாள். இருமல் பழையபடி ஆழத்திலிருந்து வந்தது.

"ஏன் உம்மா வரேல்லை? ஊசி நோகுதோ?"

"இல்ல மிஸ்ஸி."

"பஸ் கஷ்டமோ? வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"இல்ல."

"அப்ப என்ன?"

பல்கீஸ் வலைக்குள் விரலை விட்டு ஒரு முடிச்சை இழுத்தாள். மகள் வாசலில் நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள். நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"போதும் மிஸ்ஸி. வாழ்ந்த மட்டும் காணும். மகளுக்கு ஊட்டக் குடுத்தாச்சு. அவளுக்கொரு மாப்பிள்ளையும் இரிக்கான். இனி நான் இருந்தென்ன, போயென்ன. என்ட காலம் முடிஞ்சு."

புஸ்பராணிக்கு உடம்பு சிலிர்த்தது. பாடத்தில் படித்தது அப்படியே வார்த்தைக்கு வார்த்தை வருகிறது. முதுமையின் வாசலில் வாழ்க்கையில் பற்று விட்டுப்போன ஒருத்தி. ஒரு சொல்லும் தவறாமல் அதைத் தாளில் எழுதினாள்.

அந்த நேரம் குடாப் பக்கமிருந்து 'டும்' என்று ஒரு சத்தம். ஆரோ வெடி போட்டு மீன் பிடிக்கிறார்கள். புஸ்பராணியின் பேனை துள்ளியது. பல்கீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பயந்திட்டீங்களா? எனக்கெல்லாம் இது ஒண்டுமில்ல. யப்பான்காரன் துறைமுகத்துல குண்டு போடக்குள்ள நான் உம்மாட வயித்துக்குள்ள. உம்மா என்னயும் சுமந்துக்கிட்டு காட்டுக்குள்ள ஓடினவவாம். அப்பவே கேட்ட சத்தம்."

புஸ்பராணியும் சிரித்தாள். நாலு நல்ல வார்த்தை சொன்னாள், கட்டாயம் வரவேண்டும் என்றாள், ரபீக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள், வெளிக்கிட்டாள்.

பாதையில் சனம் குறைவு. இரண்டு சைக்கிள், ஒரு கூடை கருவாடு, நாலைந்து பேர். கம்பியில் சாய்ந்துகொண்டு அவள் தாளை எடுத்தாள். அந்த நல்ல வசனத்தைத் திரும்ப ஒருமுறை வாசிக்க ஆசை. மேலே பெயர், பல்கீஸ். கீழே வயது, நாற்பத்தொன்பது.

யப்பான்காரன் குண்டு போட்டபோது வயிற்றில்.

புஸ்பராணிக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. நாலு வயது. பட்டினத்திலிருந்து அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளிவெட்டிக்குப் போனது, வழியில் அவள் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதது, எல்லாம் ஞாபகம். அப்போது அவளுக்கு நாலு வயது என்றால், வயிற்றுக்குள் இருந்தவளுக்கு இப்போது முப்பத்தேழு. தன்னைவிட நாலு வயது இளையவளைத்தான் அவள் இரண்டு மாதமாக உம்மா, உம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

முப்பத்தேழு என்றால் நீலத்தாள். நீலத்தாளில் முதல் கேள்வி என்ன?

மடியை இழுத்து மூடியது. மகள் நிற்கிறாளா என்று பார்த்தது.

"ஐயோ கடவுளே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற கருவாட்டுக்காரன் கூடையைத் தள்ளி வைத்தான், நாற்றம் தாங்காமல்தான் சொல்கிறாள் என்று.

"தம்பி, பாதையைத் திருப்ப ஏலாதோ? நான் திரும்பிப் போகவேணும்."

பாதைக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "என்ன மிஸ்ஸி, இதென்ன ரிக்சாவா? அக்கரைக்குப் போய்த்தான் வாறது."

அக்கரைக்குப் போய், அங்கே ஒரு லொறி ஏறும்வரை காத்திருந்து, அதே மிதவையில் திரும்பி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுக்க அவள் மனதில் ஓடியது ஒரே விஷயம். ஸ்ரெப்ரோமைசின் வயிற்றுப் பிள்ளையின் காதைப் பழுதாக்கக்கூடியது. கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. இது அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் தன் கையாலேயே ஆறு கிழமை போட்டிருக்கிறாள்.

பல்கீஸ் கிணற்றடியில் தனியே நின்றாள். இந்தமுறை புஸ்பராணி தாளை வெளியில் எடுக்கவில்லை. கிட்டப் போய் மெதுவாகக் கேட்டாள்.

"தங்கச்சி, எத்தினை மாதம்?"

பல்கீஸின் கையிலிருந்த வாளி கிணற்றுக்கட்டில் இடித்து நின்றது. அவள் முக்காட்டுத் துணியை வாயில் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழத் தொடங்கினாள்.

"அஞ்சு ஆகப்போகுது."

"அட்டையில உங்களுக்கு நாப்பத்தொன்பது எண்டெல்லோ கிடக்கு?"

"அது என்ட ராத்தாட பொறப்புத் துண்டு. எனக்கு மூத்தவ. பத்து வயசுல காய்ச்சல்ல மவுத்தாகிட்டா. அவட பேரும் பல்கீஸ்தான். அவ போன புறகு நான் பொறந்தேன், அவட பேரத்தான் எனக்கும் வெச்சாங்க. பேர் ஒண்டுதானே, புறகென்ன இன்னொரு துண்டு எண்டு வாப்பா பதியவே இல்ல. அடையாள அட்டைக்கு எழுத வரக்குள்ள றங்குப்பெட்டிக்குள்ள இருந்தது அந்தத் துண்டு மட்டுந்தான். அதத்தான் குடுத்த."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கயே இல்லயே மிஸ்ஸி." பல்கீஸ் கண்ணைத் துடைத்தாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனி ஒன்றும் இல்லை. "கேட்டாலும் எப்பிடிச் செல்ற? மகள் முழுகாம இரிக்காள். மருமகன் இரிக்கிற வளவு. மகளும் வயிறு, உம்மாவும் வயிறு எண்டா ஊர் சிரிக்காதா? பள்ளியடியில அந்தப் புள்ள எப்பிடி முகம் குடுத்து நடக்கும்? நாப்பது நாள் அவள நான் பாக்கோணும் மிஸ்ஸி. தலப்புள்ள. என்னய ஆர் பாக்கிற?"

"அப்ப ஊசியை விட்டது?"

பல்கீஸ் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பக்கத்து ஊட்டுல ஒருத்தி சென்னாள், கசத்துக்குப் போடுற ஊசி புள்ளய தங்க விடாது எண்டு. அதைக் கேட்டுத்தான் மிஸ்ஸி நான் ஒழுங்கா வந்த. பொய் செல்ல மாட்டேன். கரைஞ்சு போகட்டும் எண்டு நினைச்சுத்தான் ஒவ்வொரு ஊசியும் போட்ட. போன மாசம் ஒருநாள் தொழுகப் பாய்ல நிக்கக்குள்ள அது அசைஞ்சது. அதுக்குப் புறகு என்னால ஏலாமப் போச்சு."

புஸ்பராணி கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள். பையில் கிடக்கும் தாளில், வாழ்க்கையில் பற்றுப் போனதால் மருந்தை விட்டவள் என்று எழுதப்பட்ட ஒருத்தி. மருந்தை விட்டதே ஒரு உயிரைக் காப்பாற்றத்தான்.

"இங்கை பாருங்கோ தங்கச்சி" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரி சொன்னது சரியில்லை, பிள்ளை கரையாது. ஆனால் அந்த ஊசி பிள்ளையின்ரை காதுக்குக் கூடாது. அதை நான் கேட்காமல் போட்டது என்ரை பிழை. உங்கட பிழை இல்லை. காது எப்பிடி இருக்குமெண்டு பிறந்தாப் பிறகுதான் தெரியும். பொய் சொல்லி உங்களை ஆற்ற நான் வரேல்லை. ஆனால் ஊசி இல்லாமல் குளிசையோடை மருந்து இருக்கு. நீங்கள் மருந்தை அடியோடை விட்டியளெண்டால் என்ன நடக்கும் தெரியுமோ? இந்த வளவில இரண்டு பச்சைப்பிள்ளை வரப்போகுது. உங்கட இருமல் இரண்டுக்கும் போகும். நீங்களும் மிஞ்சமாட்டியள். வாற புதன் வரவேணும்."

"மகளுக்கு என்ன செல்ற?"

அதற்கு விடை சொல்லவேண்டி வரவில்லை. ரபீக்கா குசினிக் கதவடியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

ரபீக்கா தாயைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தால் பிழை. பத்தொன்பது வயதுப் பிள்ளை. அவள் கத்தினாள். "வெக்கமில்லையா உம்மா உங்களுக்கு? என்ட புள்ளயோட உங்கட புள்ளயும் தவழ வேணுமா? எனக்கு ஆர் தண்ணி வாத்துத் தாற? அவருக்கு நான் என்ன செல்ற?" கத்திவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

பல்கீஸ் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். புஸ்பராணி கதவைத் தட்டவா விடவா என்று கொஞ்சநேரம் நின்றாள். கடைசியில் தட்டவில்லை. பருவத்துக்குப் பருவம் மனிதருக்கு என்ன தேவை என்று பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தவளுக்கு, முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு தாயைத் தாயாகவே வைத்திருக்க ஆசைப்படும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

புதன்கிழமை வந்தது. பத்து மணி, பதினொரு மணி. புஸ்பராணி ஒரு கண்ணை வாசலிலேயே வைத்திருந்தாள். யோகலிங்கம் வாய் திறக்கவில்லை. அவனுக்கும் விஷயம் தெரியும், அவள்தான் சொன்னாள். அட்டையைப் பார்த்துத் தாளை எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் அவனும் அன்றைக்கு வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றரைக்கு ஒரு இளந்தாரி உள்ளே எட்டிப் பார்த்தான். உப்புநீரில் வெளிறிய சேட் போட்டிருந்தான். "மிஸ்ஸி ஆரு? நான் தாஹிர். ரபீக்காட மாப்பிள்ளை. மாமிய என்ட தோணியில ஏத்திக்கொண்டு வந்தேன். துறையில பஸ்ஸுக்கு நிண்டா வெய்யில். அதான் நேர ஜெட்டிக்கே வந்த."

"ரபீக்கா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அவ ரெண்டு நாளாச் சோறு தரல்ல மிஸ்ஸி, கோவம். நான் சென்ன, எங்கட உம்மா என்னயும் வாப்பாட தம்பி சாச்சாவயும் ஒண்டா வளத்தவ, சாச்சாவப் பெத்த மூத்தம்மா மெலிஞ்சு போயிருந்தவ எண்டு. சாச்சா எனக்கு ஒரு வயசு இளமை. அவன நான் இப்பயும் பேர் செல்லித்தான் கூப்பிடுற. இதுல என்ன கூச்சம் கிடக்கு எண்டு கேட்டேன். அதுக்கு அகப்பையால எறிஞ்சா." சிரித்தான். "நேத்து ராவைக்குத்தான் சென்னா, உம்மாவ கூட்டிப் போங்க எண்டு. ஆனா உம்மாவோட கதைக்கிறா இல்ல."

பல்கீஸ் எந்த மருமகனுக்குப் பயந்து மூடி மறைத்தாளோ, அவனுக்குப் பின்னால் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு வந்து வாங்கில் உட்கார்ந்தாள்.

டொக்டரிடம் புஸ்பராணி ஒன்றையும் ஒளிக்கவில்லை. கேட்காமல் விட்டது தான்தான் என்று சொன்னாள். டொக்டர் கொஞ்சநேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். ஊசியை வெட்டி, குளிசைகளை மாற்றி எழுதினார். "பிறந்ததும் காதைப் பாக்கவேணும் மிஸ்ஸி" என்றார், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பின்னேரம் அவள் மூன்று நிறத் தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தாள். பாடம் பிழையில்லை, அது அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வேலை இருக்கத்தான் செய்கிறது. பிழை, அந்த வேலையை அடையாள அட்டையில் தேடியது. பல்கீஸுக்கு இரண்டு பருவம் ஒரே வளவுக்குள், ஒரே உடம்பில். ஒன்றுக்கு முகம் கொடுத்தால் மற்றதுக்கு வெட்கம்.

தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு தாள் அடித்தாள். அதில் வயதுக்கு முன் இரண்டு கேள்வி. நீங்கள் இப்போது ஆரைப் பார்க்கிறீர்கள்? உங்களை ஆர் பார்க்கிறார்கள்? பெண்ணாக இருந்தால் மூன்றாவதாக அந்த மாதவிலக்குக் கேள்வியும் உண்டு, ஐம்பதானாலும் அறுபதானாலும். மருந்தை விட்ட மற்றப் பத்துப் பேரையும் திரும்பத் தேடிப் போனாள். மூதூரில் ஒரு பதினாறு வயதுப் பொடியன், தகப்பன் செத்தபின் நாலு சகோதரங்களுக்குத் தகப்பனாக இருந்தான். கிளினிக் நாளில் அவனுக்குச் சந்தை. கிளிவெட்டியில் ஒரு அறுபத்தாறு வயதுக்காரர், மகள் விட்டுப்போன கைக்குழந்தையைத் தனியே வளர்த்தார். பிள்ளையை ஆரிடம் விட்டுவிட்டு வருவது? "எனக்கு இப்பதான் மிஸ்ஸி பிள்ளை வளர்க்கத் தெரியவருது" என்றார் அவர். பதினொரு பேரில் எட்டுப் பேர் இப்படி இரண்டு பருவத்துக்கு நடுவில் மாட்டுப்பட்டவர்கள். அவர்களுக்கு மருந்தில் வெறுப்பில்லை. ஆனால் யோகலிங்கத்தின் அடுக்கில் அவர்களுக்கென்று ஒரு தாள் இருக்கவில்லை.

கொழும்பிலிருந்து படிப்பிக்கும் மிஸ்ஸியின் கடிதம் வந்தது. நடுவில் கேள்வித்தாளை மாற்றுவது முறையில்லை, பழைய பதில்களை எண்ண முடியாது, மார்கழிவரை தவணை தருகிறோம், புதிதாகத் தொடங்கவும். சான்றிதழ் ஒரு வருடம் பிந்தும். புஸ்பராணி கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். முன்னுரையில் தன் பிழையையும் எழுதினாள். அதை எழுதத்தான் மூன்று நாள் பிடித்தது.

பல்கீஸ் ஒரு புதனும் விடவில்லை. ஆடியில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. அதே மாதம் ரபீக்காவுக்குப் பெண்குழந்தை. எட்டு மாத வயிற்றோடு பல்கீஸ்தான் மகளுக்குத் தண்ணீர் வார்த்தாள், பிள்ளைப்பேற்றுச் சரக்கு அரைத்தாள். இருவரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள் என்று தாஹிர் வந்து சொன்னான். ஆவணிக் கடைசியில் பல்கீஸுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மெலிந்த பிள்ளை, ஆனால் அழுகை பலம்.

புஸ்பராணி உடனே போகவில்லை. வேலை, தவணை, மழை என்று காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மையான காரணம் அவளுக்குத் தெரியும். பிள்ளையின் காதடியில் கையைத் தட்டிப் பார்க்கவேண்டும். தட்டினால் பிள்ளை அசையாமல் கிடந்துவிட்டால்?

ஐப்பசியில் ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாதை கடந்தாள். பல்கீஸ் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. "உள்ள போங்க மிஸ்ஸி, மகள்ட மடியில இரிக்கான். எனக்குப் பால் காணாது. அவள்தான் குடுக்கிறாள்."

உள்ளே ரபீக்கா சுவரோடு சாய்ந்து இருந்தாள். மூன்று மாதப் பெண்பிள்ளை பக்கத்துப் பாயில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. மடியில் கிடந்து பால் குடித்துக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி.

"பாருங்க மிஸ்ஸி, என்ட புள்ளய விட இவனுக்குத்தான் அவசரம்" என்றாள் ரபீக்கா சலிப்போடு. ஆனால் அவனுடைய தலையைத் தாங்கியிருந்த கை நகரவில்லை. "கள்ளன். நான் கோவிச்சுக்கொண்டு இரிக்கன் எண்டு இவனுக்குத் தெரியாது."

புஸ்பராணி கிட்டப் போய்க் குந்தி இருந்தாள். இரண்டு கையையும் எடுத்து, தட்டப்போய், மடியில் போட்டுவிட்டாள். திரும்ப எடுத்தாள்.

அப்போது குசினிக்குள் தாஹிரின் கைதட்டுப்பட்டு ஒரு பானைமூடி விழுந்து, கலகலவென்று உருண்டது. மடியில் கிடந்தவன் இரண்டு கையையும் விரித்துத் துள்ளி, வாயை விட்டுவிட்டு, வீடு இடிய அழுதான்.

"என்ன வேல பாக்கிறீங்க நீங்க! புள்ள பயந்திட்டான்!" என்று கத்தினாள் ரபீக்கா.

புஸ்பராணி எழுந்து நின்றாள். முகம் முழுக்கக் கண்ணீர். துணியோடு ஓடி வந்த பல்கீஸ் வாசலில் நின்று, என்ன நடந்ததென்று தெரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"தம்பி தாஹிர்" என்று குசினிப் பக்கம் திரும்பிச் சொன்னாள் புஸ்பராணி, "அந்த மூடியை எடுத்து இன்னொருக்காப் போடுங்கோ."